பதினொரு கிலோமீட்டர் கடல்

பூவரசமுனைக் கரையில் நின்றால் எதிரே திருகோணமலை தெரிகிறது. பகலில் துறைமுகத்துக் கப்பல்கள், மாலையில் நகரத்து விளக்குகள். நடுவில் கொட்டியாரக் குடா. குறுக்கே பதினொரு கிலோமீட்டர். அந்த எண்ணை எனக்குச் சொன்னவர் குளிரூட்டிய அறையில், திரையில் ஒரு வட்டத்தைக் காட்டிச் சொன்னார். இரண்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன், ஆட்களின் பெயர்களையும். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

என் மகள் பவித்ரா மக்கள் நலவாழ்வு படித்தவள். திருச்சியிலேயே வேலை கிடைத்திருக்கும். அவளோ, வசதி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உடல்நலத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காக ஊர்களுக்குப் பணம் தரும் ஒரு நிதியத்தில் சேர்ந்து இலங்கைக்குப் போனாள். "ஒன்றரை வருஷம்தான்மா" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய எண்ணிலிருந்து யாரோ ஓர் ஆண் பேசினார்.

"அம்மா, பயப்படாதீங்க. பவித்ராட குடல்வால் வெடிச்சுப் போச்சு. இப்ப தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க."

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் வெடித்துப் போச்சு. அதற்குப் பிறகு விசாவுக்கு யாரைப் பார்த்தேன், விமானத்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. அவளுடைய அப்பா காலமாகி ஒன்பது வருடம். எங்கள் வீட்டில் பதறுவதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

புதன்கிழமை காலையில் திருகோணமலையில் இறங்கினேன். பேருந்து நிலையத்தருகே புள்ளிமான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. எங்கள் ஊரில் மாடுகள் செய்யும் வேலை. வேறு சமயமாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். ஆட்டோக்காரர் ஒரு மான் ஒதுங்குவதற்காக வண்டியை நிறுத்தியபோது, ஹாரன் அடிக்கச் சொல்லிக் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் நான் முதலில் தேடியது பணம் கட்டும் இடத்தை. பழக்கதோஷம். திருச்சியில் முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டாமல் லிஃப்டில்கூட ஏற முடியாது. இங்கே வாசலில் நின்ற ஊழியர் நான் கேட்டது புரியாமல் இரண்டு முறை கேட்டார். புரிந்ததும் சிரித்துவிட்டார். "இங்க காசு கட்டுறேல்ல அம்மா. முதல்ல பிள்ளையப் போய்ப் பாருங்கோ."

பிள்ளை பாதியாக இருந்தாள். மூக்கில் குழாய், வயிற்றில் ஒரு குழாய். என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியாம்மா?" என்றாள். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததை அங்கே கொட்டித் தீர்த்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எழுந்து வந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டாள். மதியம் வந்த மருத்துவர் இளைஞர். தாமதித்திருந்தால் காப்பாற்றுவது கடினமாகியிருக்கும் என்று நிதானமாக விளக்கினார். "அந்த நேரத்தில ஒரு வாகனம் வாசல்ல நிண்டிருக்கு. அது பெரிய விஷயம்" என்றார்.

அந்த வாகனம் நிதியத்தின் வேன். பூவரசமுனையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் கர்ப்பிணிகளையும் நாள்பட்ட நோயாளிகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வரும் வண்டி. ஓட்டுபவர் கிண்ணியாக்காரர் றிஸ்வி. எனக்குப் போன் செய்தது அவர்தான். ஞாயிறு விடியற்காலையில் பூவரசமுனையில் தான் தங்கியிருந்த வீட்டில் பவித்ரா வலியில் சுருண்டு கிடந்தபோது அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார். நாற்பத்தாறு கிலோமீட்டர்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். கடைக்காரர் மஞ்சள் நிறத்தில் சொதியை ஊற்றி, மேலே சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல் வைத்தார். முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்தது. கடைக்காரர் தண்ணீரை நகர்த்தி வைத்து, "இந்தியாவோ?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சது?"

"வந்த உடன காபி கேட்டனீங்கள். இஞ்ச ஆர் காபி குடிக்கிறது?"

மகள் ஆஸ்பத்திரியில் என்றதும், அவளுக்கு உறைப்பில்லாமல் தனியாகச் சொதி வைத்துத் தரட்டுமா என்று அவராகவே கேட்டார். அன்றைக்குத்தான் நான்கு நாட்களில் முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜெசீமா வந்தாள். என் வயதுதான் இருக்கும். முக்காட்டைச் சரிசெய்தபடி கட்டிலுக்கு அருகே வந்தவளின் இடது முழங்கையில் புதிதாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் ஒரு டப்பாவில் வட்டிலப்பம் என்ற இனிப்பு.

"நீங்கதானா பவித்ராட உம்மா? மகள் நல்ல வடிவு. உங்களப் போல இல்ல."

பவித்ரா சிரிக்கப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க ராத்தா. தையல் இழுக்குது."

"தையல் எண்டா என்னட்டச் சொல்லு. இந்த டொக்டரவிட நேராத் தைப்பன்."

ஜெசீமா பூவரசமுனையில் துணி தைப்பவள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் இந்த ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் படுத்து இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு போகிறாள். அவளுக்குக் கிடைத்த நேரம் காலை எட்டு மணி. ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, இடையில் மாறி வந்தால் பத்தரை ஆகும். திரும்பும்போது தலை சுற்றும், பஸ்ஸில் நிற்க முடியாது. வேன் வருவதற்கு முன்னால் மாதத்தில் பாதி நாள் வராமலே இருந்திருக்கிறாள். கால் வீங்கி, மூச்சு முட்டி, இரண்டு முறை செத்துப் பிழைத்தாளாம். இதையெல்லாம் வட்டிலப்பத்தை எனக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். அவள் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. "எனக்கு இனிப்பு, உப்பு, தண்ணி எல்லாம் ஹராம் மாதிரித்தான்" என்றாள்.

"இந்த மாசக் கடைசியோட வேன் நிக்குது. சொன்னவளா உங்கட மகள்?"

நான் பவித்ராவைப் பார்த்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் நிக்குது?"

"நாங்க ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தில இரிக்கமாம்."

"நாற்பத்தாறு கிலோமீட்டர்னு சொன்னாங்களே?"

"அது ரோட்டுல போறவங்களுக்கு."

ஜெசீமா போன பிறகு பவித்ரா விளக்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களுக்குத்தான் வாகனம் என்று நிதியம் இந்த வருடம் விதி வைத்திருக்கிறது. தூரத்தை யாரும் நேரில் வந்து அளக்கவில்லை. வரைபடத்தில் ஆஸ்பத்திரியின் மேல் ஒரு புள்ளி வைத்து, கணினி வட்டம் போட்டது. பூவரசமுனை கடலைத் தாண்டி வட்டத்துக்குள் விழுந்துவிட்டது. பவித்ரா நான்கு கடிதம் எழுதியிருக்கிறாள். எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுமுறைதான், அதுதான் நியாயம் என்று நான்குக்கும் ஒரே பதில்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காப்பீட்டு அலுவலகத்தில் கோரிக்கை மனுக்களைப் பரிசீலிப்பது என் வேலை, இருபத்திரண்டு வருடமாக. 'விதிகளின்படி ஏற்க இயலவில்லை' என்ற வரியை எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மனுவை நீட்டுகிறவர் எங்கிருந்து வந்தார், எத்தனை பஸ் மாறினார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் அந்தப் பதில் கடிதங்களைப் படித்தபோது வாசகம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. கோபம் அவர்கள் மேல் பாய்வதற்கு முன் என் கன்னத்தில் ஓர் அறை விட்டுத்தான் போனது.

சனிக்கிழமை பவித்ராவை வீட்டுக்கு அனுப்பினார்கள். றிஸ்வி வேனைக் கொண்டு வந்தார். வேனின் கதவில் பெரிய எழுத்தில், 'யாரும் தொலைவில் இல்லை'. நிதியத்தின் முழக்கம். அதை நான் படிப்பதைப் பார்த்த றிஸ்வி, "எழுதினத உண்மையாக்கிப் போட்டாங்க அம்மா. இப்ப யாருமே தொலைவில இல்ல" என்றார்.

சீனன்குடாவைத் தாண்டும்வரை சாலை நன்றாக இருந்தது. கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். பவித்ரா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே லாரி. ஒதுங்கும்போது பின்சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. வயலில் இருந்தவர்கள் கேட்காமலே வந்து ஜாக்கி போட்டார்கள். ஒருவர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "யாரு, நம்ம பவித்ரா மிஸ்ஸா? குடல்வால அறுத்துக் கடல்ல எறிஞ்சிட்டு வா மகள், அது கிடந்து என்னத்துக்கு" என்றார். பிறகு நெல்லைக் கூட்டி வழி விட்டார்கள். ஊர் வந்து சேர இரண்டே கால் மணி நேரம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் என் கையை இறுக்கினாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தாறு கிலோமீட்டரும் முந்நூறு மீட்டரும்.

மாலையில் கரைக்குப் போனேன். எதிரே நகரத்து விளக்குகள் எரியத் தொடங்கின. றிஸ்வி விரலை நீட்டி, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் என்று காட்டினார். முன்பு லாஞ்ச் படகு ஓடியது, பாலங்கள் வந்த பிறகு நின்றுவிட்டது என்றார்.

"மீன்பிடி வள்ளத்துல கூட்டிப் போக முடியாதா?"

"வாடைக்காத்து தொடங்கினா நல்ல சுகத்தோட இரிக்கிறவனே ஏறான். ரத்தம் கழுவின ஆளை எப்பிடி ஏத்துற? ஏலாது அம்மா."

ஞாயிற்றுக்கிழமை நான் பவித்ராவிடம் தீர்மானமாகச் சொன்னேன். புதன்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன், நீ என்னோடு வருகிறாய், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடு. அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஓம்" என்றாள். அந்த ஊர்ச் சொல் அவள் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்கு ஒப்புக்கொண்டாள், வருவதற்கா, நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை நிதியம் மக்களோடு கலந்துரையாடல் வைத்திருந்தது. மக்கள் இருக்கும் இடத்தில் அல்ல, நகரத்துக்கு வடக்கே கடற்கரை ஹோட்டலில். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு நாங்கள் ஆறு மணிக்கே கிளம்பினோம். பவித்ராவால் உட்கார முடியாது என்பதால் அவளுடைய காகிதங்களோடு நான் போனேன். ஜெசீமா, இரண்டு கர்ப்பிணிகள், கோயில் தலைவர், பள்ளிவாசல் செயலாளர், நான். ஹோட்டலில் நீச்சல்குளத்தைத் தாண்டித்தான் அறை. மேசையில் கேக், பட்டீஸ், கட்லட் அடுக்கியிருந்தது. ஜெசீமா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்டும் தின்ன ஏலாது எண்டு தெரிஞ்சுதான் இவ்வளவு வச்சிரிக்காங்க" என்றாள்.

திட்ட மேலாளர் கொழும்புத் தமிழர். பணிவானவர். எல்லோருக்கும் எழுந்து வணக்கம் சொன்னார். கொடியவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரையில் வரைபடம் வந்தது. நடுவில் சிவப்புப் புள்ளி, சுற்றி வட்டம், உள்ளே ஓரமாகப் பூவரசமுனை. "பதினொரு கிலோமீட்டர். எங்களுக்கும் வருத்தம்தான். இதைவிடத் தூரமான ஊர்கள் காத்துக்கொண்டிருக்கின்றன" என்றார்.

ஜெசீமா எழுந்தாள். "சேர், நான் மூணு வருஷமா ஆஸ்பத்திரிக்குப் போறன். நீங்க காட்டுற வழியால ஒருநாளும் போனதில்ல. அதால மீன்தான் போகுது. அதுகளுக்குக் கிட்னி வருத்தம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் பொறுமை போய்விட்டது. நான் அழைக்கப்பட்டவள் அல்ல, அந்த நாட்டவளும் அல்ல. இருந்தாலும் எழுந்தேன். "அந்தப் படத்தில் நீலமாக இருப்பது என்ன?" என்று கேட்டேன்.

"கடல், மேடம்."

"உங்கள் வேன் அதில் ஓடுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணினியில் தூரத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, அதில் இந்த எண் தானாக வந்து விழுகிறது, மாற்றுவதற்கு அவருக்கே அனுமதி இல்லை என்றார். எங்கள் கருத்துகளைப் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார். எங்களோடு வேனில் ஒருமுறை ஊர்வரை வரச் சொன்னேன். பகலிலேயே கொழும்புக்குத் திரும்ப வேண்டும் என்றார்.

தேநீர் இடைவேளையில் அவரே என்னைத் தேடி வந்தார். நான் யாரென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகம் மாறியிருந்தது. "நீங்கள் பவித்ராவின் அம்மாவா? எங்களுக்கும் அன்றைக்கு உயிரே போய்விட்டது. என் மகளும் இந்த வயதுதான்" என்றார். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று குரலைத் தணித்துச் சொன்னார்.

"நீங்கள் ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம். அந்த வேன் எங்கேயும் போகாது. ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் உள்ள இடத்தில் எங்கள் பணியாளர் தங்கியிருந்தால், அவருக்கென்று ஒரு வாகனம் அங்கே நிற்க வேண்டும். பாதுகாப்பு விதி. பவித்ரா அங்கே இருக்கும்வரை வேனும் இருக்கும்."

திரையில் இருந்த வட்டத்தைக் காட்டிக் கேட்டேன்.

"அவளுக்கு எந்த வழியாக ஒரு மணி நேரம்?"

"ரோட்டு வழியாகத்தான்."

"ஜெசீமாவுக்கு?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பணியாளர் வேனில் போகும்போது கூட யாரும் ஏறிக்கொண்டால் நாங்கள் கேட்க மாட்டோம்" என்றார். அது அவரால் முடிந்த நல்ல காரியம். அவருடைய நல்ல மனதை நான் மறுக்கவில்லை. என் கையில் இருந்த கோப்பையை அவர் மேல் வீசாமல் மேசையில் வைத்தேன், அவ்வளவுதான்.

ஒரே அலுவலகம். ஒரே ஊர். என் மகளுக்குச் சாலையை அளந்தார்கள், ஜெசீமாவுக்குக் கடலை. ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்தவர்களின் விதிப் புத்தகத்தில் அது இரண்டு பக்கமாக அச்சாகியிருக்கிறது. அதை எழுதியவர்களில் யாருக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்கத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் விட்டுவிட்டார்கள். எது என்று எனக்குத் தெரியாது. பவித்ராவின் வேலை வருடக் கடைசிவரை இருக்கிறது. அவள் எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு கிளம்பினால், வட்டத்துக்குள் இருக்கும் ஊருக்கு வேறு ஆளைப் போட மாட்டார்கள். வேனும் போய்விடும்.

திரும்பும் வழியில் வேனில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆனால் பவித்ராவுக்கு முன்பே தெரிந்திருந்தது. றிஸ்விக்கும் தெரிந்திருந்தது. நான் மட்டும்தான் இரண்டு டிக்கெட்டோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வேன் வந்து நின்றது. பவித்ரா எழுந்து முகம் கழுவித் தயாராக இருந்தாள். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள்.

"டாக்டர் ஆறு வாரம் அசையக் கூடாதுன்னு சொன்னாரு பவி."

"எதையும் தூக்கக் கூடாதுன்னுதான்மா சொன்னாரு. உட்காரலாம்."

ஜெசீமா வேனுக்குள்ளிருந்து இறங்கி வந்தாள். மேலாளர் சொன்ன விதி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது, றிஸ்வி சொல்லியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனாள். அவள் கை சில்லென்று இருந்தது. நான்கு நாள் தேங்கிய நீரில் முகம் உப்பியிருந்தது.

"இஞ்ச பாருங்க, பவித்ராட உம்மா. புள்ளையக் கூட்டிக்கொண்டு போங்க. எனக்கும் ஒரு மகள் இரிக்கா. நான் உங்கட இடத்தில எண்டா நேத்தே கூட்டிப் போயிரிப்பன். நான் பழையபடி பஸ்ஸில போறன். முந்திப் போகல்லயா?"

மாதத்தில் பாதி நாள் போகவே இல்லை என்று அவளே சொல்லியிருந்தாள். அதை நினைவுபடுத்த எனக்கு வாய் வரவில்லை. கூட்டிப் போகிறேன் என்று சொல்லவும் வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையிலேயே நான் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று அந்த உப்பிய முகத்தில் பயம் இருந்தது. ஒரு கணம்தான். உடனே அதை மறைத்துக்கொண்டாள்.

நான் வீட்டுக்குள் போய் இன்னொரு தலையணையை எடுத்து வந்தேன். முன்சீட்டில் பவித்ராவின் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். "பள்ளத்தில் மெதுவாகப் போங்கள், தம்பி" என்று றிஸ்வியிடம் சொன்னேன். நானும் ஏறி ஜெசீமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்ணியாப் பாலத்தில் விடிந்தது. எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் நான் தனியாகத் திரும்பினேன். அடுத்த இருக்கை காலியாகவே வந்தது.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஐந்தரைக்கு எழுந்து போன் செய்கிறேன். "ஏறிட்டியா?" என்று கேட்கிறேன். "ஓம்மா" என்கிறாள். பின்சீட்டிலிருந்து ஜெசீமாவின் குரல் கேட்கிறது. "உங்கட மகள் தூங்கி விழுறா. காவலுக்கு வந்த ஆள்!" தையல் ஆறிவிட்டதாம். வலி இல்லை என்கிறாள். நம்ப முடியவில்லை.

நிதியத்துக்கு நானும் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், அலுவலக மொழியில், எனக்குத் தெரிந்த எல்லா விதிச் சொற்களையும் போட்டு. பதில் வந்தது. ஒரே அளவுமுறை, அதுதான் நியாயம். அதோடு ஒரு வரைபடமும் இணைத்திருந்தார்கள், அதே வட்டம். அலுவலகத்தில் இப்போது என் மேசைக்கு வரும் ஒவ்வொரு மனுவிலும் முதலில் முகவரியைப் பார்க்கிறேன். அதனால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

வருடக் கடைசிக்கு இன்னும் ஒன்பது வாரம். என் சிநேகிதிகள், "மகள் எப்போ வர்றா? நாளை எண்ணிக்கிட்டிருப்பியே" என்கிறார்கள். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜெசீமாவும் அதே நாட்களைத்தான் எண்ணுகிறாள். என் பிள்ளை வீட்டுக்கு வரும் நாள்தான் அவளுடைய வேன் போய்விடும் நாள்.